ஐந்து இலக்க மீட்டர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மிச்சிகனில் வசிக்கிறேன். ஆகஸ்டில் வுட்வர்ட் அவென்யூவில் நடக்கும் பழைய கார்களின் ஊர்வலத்தைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே ஒருவர் தன் 1957 செவ்ரோலெட் பெல் ஏரின் கதவைச் சாத்திப் பார்க்கச் சொன்னார். இரும்புப் பெட்டியை மூடியது போன்ற சத்தம்! இன்றைய கார் லேசாக இடித்தாலே நசுங்குகிறது. கியூபாவின் ஹவானாவில் அந்தக் கார்கள் இன்றும் டாக்ஸியாக ஓடுகின்றன. அன்று நீடித்து உழைக்கும்படி செய்தார்கள், இன்று தூக்கி எறியும்படி செய்கிறார்கள் என்கிறேன். ஒப்புக்கொள்வீர்களா? எனக்கும் அப்படி ஒன்றை வாங்கும் ஆசை வந்துவிட்டது.

கே.

அன்புள்ள கே.,

ஒப்புக்கொள்ள மாட்டேன். அழகு என்றால் பேச்சே இல்லை, உங்கள் கட்சிதான். ஆனால் உழைப்பு விஷயத்தில் நடந்தது நேர் எதிர்.

அடுத்த முறை அந்தக் காரின் ஓடோமீட்டரைப் பாருங்கள். முழு மைல்களுக்கு ஐந்தே இலக்கங்கள். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். லட்சம் மைலுக்கு மேல் எண்ண வேண்டியிருக்கும் என்று அதைச் செய்தவர்களே நினைத்ததாகத் தெரியவில்லை.

நினைக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. போன வருடம் வாங்கிய கார் இந்த வருடம் பழசாகத் தெரிய வேண்டும் என்பதுதான் செவ்ரோலெட்டைச் செய்த ஜெனரல் மோட்டார்ஸின் வியாபாரம். அதன் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் வகுத்த அந்த வழிக்கு உருவம் கொடுத்தவர், வடிவமைப்புத் துறையை நடத்திய ஹார்லி ஏர்ல். லாக்ஹீட் பி-38 போர் விமானத்தின் வாலைப் பார்த்து எடுத்த, காரின் பின்பக்கத்தில் மேலெழும் துடுப்பு, அதே நிறுவனத்தின் 1948 காடிலாக்கில் பின்விளக்கின் மேல் ஒரு சிறு புடைப்பாகத்தான் இருந்தது. வருடா வருடம் வளர்ந்து 1959இல் உச்சம் தொட்டது. சில வருடங்களில் சுவடில்லாமல் போயிற்று. இதற்கிடையே போட்டியாளரான கிரைஸ்லர் தன் 1957 பிளிமத்தை ‘திடீரென்று 1960!’ என்று விளம்பரப்படுத்தியது. 1960 வரும் முன்பே துருப்பிடித்ததாகப் புகார் வந்த கார்கள் அவை. நாம் காலத்தை வென்றவை என்று கொண்டாடுவது, பக்கத்து வீட்டுக்காரனின் புதுக் காரைப் பார்த்து வெட்கப்படுவதற்காகவே செய்யப்பட்ட கார்களை!

அந்தக் கதவுச் சத்தத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, தன் ஐம்பதாம் ஆண்டில் ஒரு சோதனை செய்தது. 1959 பெல் ஏரையும் 2009 செவ்ரோலெட் மாலிபுவையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். படம் இணையத்தில் கிடைக்கிறது, பாருங்கள். பெல் ஏரின் முன்கண்ணாடி ஓரத்துத் தூண் மடிந்து, ஓட்டுநராக உட்காரவைத்த பொம்மையின் மேல் ஸ்டீயரிங் பாய்கிறது. ஆளாக இருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவில் இருந்தவர் காலில் லேசான அடியோடு தப்பியிருப்பார். நசுங்குகிறது என்று நீங்கள் குறை சொல்லும் அந்த முன்பாகம், மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ளத்தான் நசுங்குகிறது. உள்ளே மனிதர் உட்காரும் கூண்டு நசுங்காது. பழைய காரில் இந்த ஏற்பாடே கிடையாது.

ஹவானாவில் ஓடுகின்றனவே என்றால், புரட்சிக்குப் பின் வர்த்தகத் தடை வந்து புதிய அமெரிக்கக் கார்கள் நின்றுபோயின. இருப்பதை ஓட்டியே தீர வேண்டும். பல கார்களின் முன்மூடியைத் திறந்தால் வேறொரு நாட்டு டீசல் இன்ஜின் இருக்கும். நீடித்து உழைத்தவர்கள் கியூபா மெக்கானிக்குகள். பாராட்டு அந்தக் கார்களைச் செய்த டெட்ராய்டுக்குப் போவது நியாயமில்லை.

இத்தனை சொன்னாலும் அந்த 57 பெல் ஏர் என்னையும் மயக்குகிறது. பெட்ரோல் மூடி எங்கே என்று காட்டினாரா? இடதுபக்கத் துடுப்பின் பின்முனையில் உள்ள குரோமியப் பட்டையைத் திறந்தால் உள்ளே இருக்கும். தெரியாதவர் காரை மூன்று சுற்றுச் சுற்றினாலும் கண்டுபிடிக்க முடியாது. எந்தப் பயனும் இல்லாத இந்தக் குறும்புக்கு யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டு மூளையைச் செலவழித்திருக்கிறார்கள். இன்றைய சாம்பல் நிற எஸ்.யு.வி.க்களில் அது இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தால் மறுபேச்சின்றிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஆசைப்பட்டுவிட்டீர்கள், வாங்குங்கள். ஆனால் அந்தக் காலத்து பிரேக்கில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் சுற்று. எங்காவது ஒரு குழாய் ஒழுகினால் மொத்த பிரேக்கும் போய்விடும். முதல் வேலையாக, பிரேக் ஆயிலை இரண்டு தனிச் சுற்றுகளில் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும், தோளையும் சேர்த்துப் பிடிக்கும் சீட் பெல்ட்டும் போட்டுவிடுங்கள். அசல் பாகம் இல்லை என்று கண்காட்சியில் மதிப்பெண்ணைக் குறைத்தால் குறைத்துக்கொள்ளட்டும்.