சக்கர ஸ்டூல் சாய்கிறதா? அடியைக் கட்டுங்கள், மற்றது தானாக நிற்கும்

சேரன்மகாதேவியில் இரு சக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணாச்சி, உக்காந்தபடியே வண்டியைச் சுத்தி வேலை பார்க்கலாம்னு ஆன்லைன்ல மலிவா ஒரு சக்கர ஸ்டூல் வாங்கினேன். கீழ டூல் வைக்கத் தகரத் தட்டு, மேல குஷன், நாலு பக்கமும் குட்டி வீல். ரெண்டு மாசத்துல பின்னாடி ஒரு வீல் சாஞ்சு போச்சு, குஷன் ஆடுது, தட்டு நடுவுல தொங்குது. நான் 88 கிலோ. வெல்டிங் வச்சுத் தேத்தலாமா, இல்ல இரும்புக்கடையில போட்டுட்டு விலை கூடுனதா ஒண்ணு வாங்கவா?"

தேத்தலாம் தம்பி, இரும்புக்கடைக்குப் போக வேண்டாம். ஆனால் கிரைண்டரையும் வெல்டிங் ராடையும் எடுப்பதற்கு முன்னால் ஸ்டூலைக் குப்புறக் கவிழ்த்து வைத்து, சாய்ந்த வீலின் போல்ட் தட்டுக்குள் நுழையும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தத் துளை வட்டமாக இருக்காது, முட்டை வடிவமாக இழுபட்டிருக்கும், சுற்றிலும் பெயின்ட் வளையமாக வெடித்திருக்கும், வாஷர் தகரத்துக்குள் அமுங்கிக் குழி விழுந்திருக்கும். உங்கள் ஸ்டூலின் நோய் அங்கேதான் இருக்கிறது. குஷனைத் தாங்கும் கால் பைப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நீங்கள் காலால் தரையை உந்தி நகரும்போது வீல் ஒரு விரிசலிலோ கீழே கிடக்கும் நட்டிலோ தட்டி நின்றுவிடுகிறது, உங்கள் எடை மட்டும் நகரப் பார்க்கிறது, அப்போது அந்த போல்ட் ஒரு கடப்பாரையைப் போல மெல்லிய தகரத்தை நெம்புகிறது. ஒவ்வொரு தடவையும் துளை மயிரிழை பெரிதாகும், போல்ட் கொஞ்சம் சாயும், சாய்ந்த போல்ட் அடுத்த தடவை இன்னும் சுலபமாக நெம்பும். அதனால்தான் புது வீல் வாங்கி அதே துளையில் மாட்டினால் அதுவும் சாய்கிறது. பலரும் வீலைத் திட்டுவார்கள், வீலைப் பிடித்திருக்கும் தகரத்தை யாரும் பார்ப்பதில்லை.

ஆகவே முதல் வேலை, வீலின் பாரத்தைத் தகரத்திடமிருந்து பிடுங்கி கனமான இரும்பிடம் கொடுப்பது. 40க்கு 40, 3 மி.மீ. கனமுள்ள ஆங்கிள், அதாவது எல் வடிவ இரும்பு, இரண்டு துண்டு போதும். மீட்டருக்கு 1.8 கிலோதான் வரும், பழைய இரும்புக்கடையிலேயே துருப்பிடிக்காத துண்டு பார்த்து எடுக்கலாம். தட்டின் இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று, முன்னிருந்து பின்னாக ஓட வேண்டும். ஆங்கிளின் ஒரு பக்கம் தட்டுக்கு அடியில் படுத்திருக்க வேண்டும், இன்னொரு பக்கம் ஓரத்தை ஒட்டி மேல்நோக்கி நிற்க வேண்டும். இப்படி வைத்தால் தட்டு ஆங்கிளுக்குள் உட்கார்ந்துவிடும், உயரமும் 3 மி.மீ.தான் கூடும், நடுவில் தொங்குவதும் பாதி குறைந்துவிடும். மீதிப் பாதிக்கு நடுவில் குறுக்காக 25க்கு 5 ஃபிளாட், அதாவது இரும்புப் பட்டை, ஒன்றைக் கொடுத்தால் போதும்.

நீளத்தில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைக் கவனியுங்கள். முன்பக்கம் தட்டோடு சரியாக நிற்கட்டும், பின்பக்கம் மட்டும் இரண்டிலிருந்து மூன்று அங்குலம் வெளியே நீட்டுங்கள், பின் வீல் இரண்டும் அந்த நுனியில்தான் வரும். இரண்டு கால்களும் முன்னாலும் பக்கவாட்டிலும் தரையில் ஊன்றியிருப்பதால் அந்தப் பக்கம் யாரும் விழுவதில்லை, ஸ்டூல் கவிழ்வது பின்னால்தான். துருப்பிடித்த ஆக்சில் நட்டை ஸ்பேனர் போட்டுத் தன் பக்கம் பலமாக இழுக்கும்போது அது திடீரென்று விட்டால், முதுகு போகும் திசையில் ஊன்றுவதற்கு எதுவுமே கிடையாது. பின்னால் நீளும் அந்த மூன்று அங்குலம் தலையைக் காப்பாற்றும் என்றே நான் நினைக்கிறேன். அதற்கு மேல் நீட்ட வேண்டாம், பட்டறையில் நடக்கிறவர்கள் கால் தட்டி விழுவார்கள்.

இனி வீல். காசு செலவழிப்பதாக இருந்தால் இங்கே செலவழியுங்கள், குஷனில் மிச்சம் பிடிக்கலாம். நாலு வீல் இருக்கிறது என்று எடையை நாலால் வகுக்கக் கூடாது, மேடு பள்ளமான சிமென்ட் தரையில் ஒரு நேரத்தில் மூன்று வீல்தான் உண்மையில் தரையைத் தொடும். நீங்கள் 88, டூல்கள் பத்து, ஸ்டூல் ஏழெட்டு என்று வைத்தால் 105 கிலோ சுற்றி வரும். மூன்றால் வகுத்தால் வீலுக்கு 35. தொப்பென்று உட்காரும் அடிக்கும் இடம் வைத்து, வீல் ஒன்றுக்கு 50 கிலோவுக்குக் குறையாமல் தாங்கும் என்று போட்டிருப்பதாக வாங்குங்கள். நாலு வீலுக்கும் சேர்த்துச் சொல்லும் எடையைக் காட்டி விற்பார்கள், அதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

அளவு 3 அங்குலம். 2 அங்குல வீல் நின்றுவிடும் விரிசலை 3 அங்குல வீல் ஏறிக் கடந்துவிடும், உங்களுக்கு வரும் பாதித் தொல்லை அதிலேயே தீரும். எந்தப் பொருள் என்று கேட்டால், பைக் பட்டறைக்கு நான் பாலியூரித்தேன்தான் சொல்வேன். சாதா ரப்பர் பெட்ரோலும் ஆயிலும் பட்டுப் பட்டு ஊதிப்போகும், இரும்புச் சுருள்களும் அதில் குத்திக்கொண்டு நிற்கும். நைலான் எதற்கும் அசையாது, ஆனால் கடகடவென்று சத்தம் போடும், ஆயில் சிந்திய தரையில் வழுக்கும். பாலியூரித்தேனை மட்டும் கடையில் வருஷக்கணக்கில் கிடந்த சரக்காக வாங்கிவிடாதீர்கள். ஈரக் காற்று பட்டுக் கிடந்த பழைய சரக்கு சில சமயம் விரலால் கீறினாலே உதிரும், வாங்கும்போது நகத்தால் அழுத்திப் பாருங்கள். இரண்டு வீலில் பிரேக் இருக்கட்டும், அந்த இரண்டையும் முன்பக்கம் மாட்டுங்கள், கால் எட்டும். ரோட்டோரப் பட்டறைத் தரை வாறுகால் பக்கம் சரிந்திருப்பது நம்மூரில் சகஜம்தானே.

வீலின் போல்ட் 12 மி.மீ. மரையாக இருந்தால் நல்லது. போல்ட் வரும் நாலு இடத்திலும் 32 மி.மீ. அகலத்தில் 5 மி.மீ. ஃபிளாட் துண்டு ஒன்றை மேலே வைத்து, முன்பக்கம் தட்டும் நடுவில் சிக்கும்படி, எல்லாவற்றையும் சேர்த்துத் துளையிடுங்கள். பழைய முட்டைத் துளையை விட்டு ஒரு அங்குலமாவது தள்ளிப் போடுங்கள். நட்டு, நைலான் வைத்த லாக் நட்டாக இருக்கட்டும். அப்புறம் முறுக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு வீலையும் முழு வட்டம் கையால் சுற்றிப் பாருங்கள். 3 அங்குல வீல் பழையதைவிட அகலமாகச் சுற்றும், கால் பைப்பிலோ நடுக்குறுக்கிலோ அதன் விளிம்பு உரசினால் உட்கார்ந்து நகரும்போது சட்டென்று பூட்டிக்கொள்ளும், அது சாய்ந்த வீலைவிட ஆபத்து.

உயரம் ஒன்றரை அங்குலம்போல ஏறும். உட்காரும்போது முட்டி இடுப்பைவிடக் கொஞ்சம் உயர்ந்திருந்தால் பைக் வேலைக்குச் சரி, எஞ்சின் அடியும் ஆக்சிலும் கைக்கு எட்டும். ரொம்ப உயர்ந்துவிட்டதாகப் பட்டால் கால் பைப்பை அறுத்துக் குறையுங்கள், வீலைச் சின்னதாக்க வேண்டாம்.

வெல்டிங் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. தட்டின் தகரத்தில் ராடு வைக்கவே கூடாது, ஓட்டை விழும், தட்டை ஆங்கிளோடு 6 மி.மீ. போல்ட் போட்டே பிடியுங்கள். வெல்டிங் கால் பைப் ஆங்கிளைத் தொடும் இடத்தில் மட்டும். இந்த ஸ்டூல்களின் பைப் பொதுவாக 18 கேஜ் சுற்றி, அதாவது 1.2 மி.மீ.தான் இருக்கும். அதற்கு 10 நம்பர் ராடு ஆகாது, நம்பர் ஏற ஏற ராடு மெல்லியது, 12 நம்பரோ அதைவிட மெல்லியதோ எடுத்து கரன்ட்டைக் குறைத்து, ராடின் நுனியைக் கனமான ஆங்கிளில் வைத்துத் தீயை உருவாக்கி, உருகிய குளத்தை மட்டும் பைப் பக்கம் தொட்டுத் தொட்டு இழுங்கள். நேராகப் பைப்பில் வைத்தால் ஊதிவிடும். முதலில் நாலு மூலையிலும் பொட்டு வைத்து, நாலு வீலும் சம தரையில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி முடியுங்கள். ஒரே பக்கம் தொடர்ந்து இழுத்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளும்.

பைப் பளபளவென்று குரோம் பூசியதாகவோ வெள்ளி நிற நாகப் பூச்சாகவோ இருந்தால் வெல்டிங் வரும் இடத்தைச் சுற்றி ஒரு விரல்கடை அகலத்துக்குக் கிரைண்டரால் சுரண்டி வெறும் இரும்பைக் கொண்டுவாருங்கள். சுரண்டும்போதும் முகக்கவசம் வேண்டும். நாகம் எரிந்து வரும் வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் ராத்திரி குளிரும் காய்ச்சலுமாகப் படுத்துவிடும், குரோம் புகை அதைவிடக் கெட்டது. வெளியே காற்றோட்டத்தில் செய்யுங்கள். குஷனைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் துணி, டேங்க் திறந்த வண்டி எல்லாவற்றையும் தள்ளி வைத்த பிறகுதான் ராடு. கையில் பழக்கம் இல்லையென்றால், திருநெல்வேலி பேட்டை ஐடிஐயில் வெல்டர் படித்த பையன்கள் உங்கள் பக்கம் இருப்பார்கள், ஒருவரைக் கூப்பிட்டு அரை மணி நேர வேலையாக முடித்துவிடலாம். வெல்டிங்கே வேண்டாம் என்றாலும் பாதகமில்லை, யு போல்ட் போட்டுக் கால் பைப்பை ஆங்கிளோடு இறுக்கினாலும் நிற்கும், வாரத்துக்கு ஒருமுறை நட்டைத் தொட்டுப் பார்த்தால் போதும்.

குஷன் ஆடுவதற்குக் காரணம் வேறு. ரெக்சினை உரித்தால் உள்ளே மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகை இருக்கும். வண்டி கழுவும் தண்ணீர் பட்டு அது ஊறி, ஸ்க்ரூ பிடித்திருந்த இடம் மாவாக உதிர்ந்திருக்கும். அந்தப் பலகையில் பெரிய ஸ்க்ரூ போட்டுப் பயனில்லை. 18 மி.மீ. பிளைவுட், தண்ணீர் தாங்கும் ரகம், அதே அளவில் வெட்டி, மேலிருந்து டி நட்டு, அதாவது பலகையில் பதியும் முள் வைத்த நட்டு, அடித்து, கீழிருந்து 8 மி.மீ. போல்ட் போட்டு இறுக்குங்கள். பலகையின் வெட்டு ஓரங்களில் பெயின்ட் அடிக்க மறக்காதீர்கள், தண்ணீர் அங்கேதான் ஏறும். ஃபோம் ஒன்றரை அங்குலம், கையால் அழுத்தினால் அடி தட்டாத கெட்டியானது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் ரெக்சின்மேல் உட்கார முடியாது என்பது உங்களுக்கே தெரியும், பத்தமடை பக்கத்திலேயே இருக்கிறது, கோரைப் பாய்த் துண்டு ஒன்றை வெட்டி மேலே கட்டிக்கொள்ளுங்கள், வியர்வைக்கு அதைப்போல வராது.

விலை கூடினது வாங்கவா என்று கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த விலையில் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் ஆபீஸ் நாற்காலிபோல கேஸ் சிலிண்டரில் ஏறி இறங்கும் ஸ்டூல். பைக் வேலைக்கு அந்த உயரம் தேவையே இல்லை, உயர உயரக் கவிழ்வதும் சுலபம். யாராவது கொடுத்து, அது தானாக இறங்கிக்கொண்டே இருந்தால், நிற்க வைக்க சிலிண்டரில் வெல்டிங் பொட்டு வைக்கச் சொல்லுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே அழுத்தமேற்றிய நைட்ரஜன் இருக்கிறது, சூடு பட்டால் வெடிக்கலாம், துளையும் போடக் கூடாது. வேண்டிய உயரத்துக்கு ஒரு பிவிசி பைப் துண்டை நீளவாக்கில் கீறி, வெளியே தெரியும் தண்டின்மேல் மாட்டிவிட்டால் அதற்கு மேல் இறங்காது.

வேலை முடிந்ததும் வெல்டிங் இடங்களில் துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்த பிறகு பெயின்ட். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். ஓட்டிய முதல் வாரக் கடைசியில் எல்லா நட்டையும் ஒருமுறை முறுக்குங்கள், புது இரும்பு உட்காரும்போது கொஞ்சம் தளரும். வீலின் கழுத்துக்குள் நூலும் கேபிள் கம்பித் துணுக்கும் சுற்றிக்கொண்டால் இழுத்து எடுத்துவிட்டு இரண்டு சொட்டு கிரீஸ் வையுங்கள். தட்டில் கனமான ஸ்பேனர் செட்டைப் பின்பக்கம் அடுக்காமல் முன்பக்கமாக வையுங்கள், பின்னால் சாயும் பாரம் அதனாலும் குறையும்.