சுவிட்ச் சாகவில்லை, ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் கீழே ஒன்று, மாடியில் ஒன்று என கம்ப்யூட்டர்களை இணைக்கும் இரண்டு சிஸ்கோ சுவிட்சுகள், நடுவே ஒரே கேபிள். கணக்குப் பிரிவு வீலேன் 10 என்ற தனி நெட்வொர்க் பிரிவில் இருக்கிறது. போன வாரம் கேமராக்களை வீலேன் 20-இல் போட்டார்கள். கேமராப் படம் வருகிறது. ஆனால் மாடியில் கணக்கு மென்பொருளான டாலி திறக்கவில்லை. சுவிட்சுகளுக்கு வயதாகிவிட்டது, இரண்டையும் மாற்றுங்கள் என்கிறார் டீலர். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். வயதாகிப் படுத்திருந்தால் கேமராவும் சேர்ந்தல்லவா படுத்திருக்கும்?

நடுவே ஓடும் அந்த ஒற்றைக் கேபிள்தான் ட்ரங்க். இரண்டு பிரிவுகளின் தகவலும் அதில்தான் போகிறது. எது யாருடையது என்று மறுமுனைக்குத் தெரிய, 4 பைட் அளவில் ஒரு சீட்டு ஒட்டி அனுப்புவார்கள். சீட்டில் 10, 20 என்று எண் இருக்கும். எந்த எண்களை விடலாம் என்று இரு முனையிலும் ஒரு பட்டியல் உண்டு; அதில் இல்லாத எண்ணுக்கு வழி கிடையாது.

கேமரா போட வந்த பையன் அநேகமாக 'சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் வீலேன் 20' என்று அடித்திருப்பார். அப்படி அடித்தால் 20 பட்டியலில் சேராது. பழைய பட்டியலே போய் 20 மட்டும் நிற்கும். எண்ணுக்கு முன்னால் 'ஆட்' என்று போட வேண்டும். விட்டுவிட்டால் பெட்டி ஒரு வார்த்தை எச்சரிக்காது. இத்தனை வருடமாக இதை இப்படியே வைத்திருக்கிறார்கள்! நானே ஒருமுறை வீட்டிலிருந்தபடி இதைச் செய்துவிட்டு, இணைப்பே அறுந்துபோக, நடுராத்திரியில் பைக்கில் போய்ச் சரிசெய்திருக்கிறேன்.

இரண்டு சுவிட்சிலும் 'ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்' அடித்துக் காட்டச் சொல்லுங்கள். 10 இல்லாத பக்கத்தில் 'அலவ்ட் வீலேன் ஆட் 10' போட்டு, சேமித்தால் சரி. ஒரு நிமிட வேலை.

இங்கே ஒரு தில்லுமுல்லு உண்டு. மாற்றத்தைச் சேமிக்காமல் விட்டிருந்தால், சுவிட்சை அணைத்துப் போட்டதும் பழைய பட்டியல் திரும்பிவிடும். டாலி ஓடும், கேமரா நிற்கும். "பாருங்கள், சூடாகிவிடுகிறது" என்று சொல்லி அப்போதே கொட்டேஷனை நீட்டுவார்கள். நம்பாதீர்கள்.

ஒருவேளை எச்பி சுவிட்ச் வாங்கியே ஆக வேண்டிய நிலை வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். எச்பியின் பழைய புரோகர்வ் வகைகளில் ட்ரங்க் என்றால் பொருளே வேறு: இரண்டு மூன்று கேபிள்களைச் சேர்த்து ஒன்றாக்குவது. நீங்கள் கேட்கும் வேலைக்கு அங்கே பெயர் 'டேக்டு' (சீட்டு ஒட்டியது). அதாவது, சிஸ்கோ பக்கம் ட்ரங்க், எச்பி பக்கம் அந்தக் கேபிள் செருகிய போர்ட் 10-க்கும் டேக்டு, 20-க்கும் டேக்டு. எச்பியிலும் ட்ரங்க் என்றே போட்டுவிட்டு, இரண்டு கம்பெனிப் பெட்டியும் ஒத்துப்போகாது என்று கைவிரிப்பவர்கள் நிறைய. ஒரே சொல்லுக்குக் கம்பெனிக்கு ஒரு அர்த்தம் வைத்தால் பையன்களும்தான் என்ன செய்வார்கள்?

அப்புறம், சுவிட்சின் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கிறதா? டீலரிடம் மட்டும்தான் என்றால், 10-ஐச் சேர்க்க அவர் உட்காரும் முன்பே அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.