கிட்டே வராத ஆட்டுக்குட்டிகள் கறவைக்கு நிற்குமா?

கேள்வி: பாலுக்காக வளர்க்கலாம் என்று இரண்டு பெட்டைக் குட்டிகள் வாங்கியிருக்கிறேன். ஒரு மாதக் குட்டிகள், புட்டிப்பால் குடித்துப் பழகியவை என்றார் தரகர். நேற்று வந்ததிலிருந்து புட்டியில் சரியாக வாய் வைக்கவில்லை. கிட்டே போனால் மூலையில் ஒண்டிக்கொள்கின்றன. இவை பிற்பாடு கறவைக்கு நிற்குமா? ஆடு வளர்ப்பது எனக்கு இதுதான் முதல் முறை.

பதில்: கறவைக் கவலையை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். வளர்ந்த ஆட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டிய பிறகே பெட்டையைக் கிடாவுடன் சேர்க்க வேண்டும். அதன்பின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். அதுவரை பழக்குவதற்கு நேரம் தாராளமாக இருக்கிறது. பாலூட்டும் விஷயத்தில்தான் நேரமே இல்லை.

முதலில் வயதை நீங்களே பாருங்கள். தொப்புளில் காய்ந்த கொடி ஒட்டியிருந்தால் அது பிறந்து சில நாளே ஆன குட்டி. கீழ்த்தாடை முன்புறத்தில் எட்டுப் பால்பற்களும் வந்திருந்தால் ஒரு மாதம் என்பதை நம்பலாம். மேல்தாடையில் ஆட்டுக்கு முன்பல் கிடையாது. அதைக் குறை என்று நினைத்துவிடாதீர்கள்.

தாய் கறக்கும் பாலை மிச்சம் பிடிப்பதற்காகக் குட்டியைச் சில நாளிலேயே விற்றுத் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கைமாறும் இடத்திலெல்லாம் அதன் வயது வாய்வார்த்தையில் கூடிக்கொண்டே போகும். சீம்பால் கொடுத்தார்களா என்று கேட்டால் ‘கொடுத்தாயிற்று’ என்பார்கள். பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். ஒரு நாள் கழிந்தால் அதிலுள்ள நோயெதிர்ப்புப் பொருளைக் குட்டியின் குடல் உறிஞ்சாது. தரகர் கூடவே விற்கும் டானிக் எதுவும் அதை ஈடுகட்டாது. இனி வாங்கினால் தாயையும் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். பிறந்த தேதியும் தடுப்பூசி விவரமும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டாவது குட்டியோடு வர வேண்டாமா? கையேடுகளில் சிலவோ மாட்டுக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றி அச்சிட்டவை போலிருக்கும். மருந்துப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் மாட்டுக்கு அளவு இருக்கும், செம்மறிக்கு இருக்கும், வெள்ளாட்டுக்குப் பல நேரம் இருக்காது. இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

இனிப் புட்டி. பால் 38 அல்லது 39 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கட்டும். ஆறிய பாலைப் புதுக்குட்டி துப்பிவிடும். குட்டியை நிற்கவைத்து, தாயின் மடி இருக்கும் உயரத்தில் புட்டியைப் பிடியுங்கள். கழுத்து மேல்நோக்கி நீண்டிருந்தால்தான் ஆட்டின் நான்கு இரைப்பைகளில் முதலாவதற்குள் பால் விழாமல் நேராக நான்காவதற்குப் போகும். உள்ளங்கையால் கண்களை மறைத்து, வால் அடியில் விரலால் மெல்ல வருடுங்கள். தாய் அந்த இடத்தைத்தான் நக்கும்; பல குட்டிகள் உடனே சப்பத் தொடங்கிவிடும். மறுத்தால் இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி முயலுங்கள். வாயைத் திறந்து ஊற்றவே கூடாது. பால் நுரையீரலில் இறங்கினால் குட்டி பிழைப்பது அரிது. மூன்று கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு 450 முதல் 600 மில்லி வரை, நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் பால் கொடுக்கக் கூடாது. குட்டி துவண்டு கிடந்தால் விரலை அதன் வாய்க்குள் விடுங்கள். வாய் குளிர்ந்திருந்தால், பசிக்கிறதே என்று பரிதாபப்பட்டுப் பால் புகட்டாதீர்கள். குளிர்ந்த உடம்பில் குடல் இயங்காது, பால் செரிக்காமல் தேங்கிவிடும். துடைத்து, துணியில் சுற்றி, மிதமான சூட்டில் வைத்து, தெர்மாமீட்டர் 38 டிகிரியைத் தாண்டி, விரலைத் தானாகச் சப்பத் தொடங்கிய பிறகே புட்டியை எடுங்கள். சூடேற்றியும் தேறாவிட்டால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். ‘பாலைக் குடித்தால் தெம்பு வந்துவிடும்’ என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

குடிக்கத் தொடங்கிவிட்டால் பாதிப் பழக்கம் முடிந்தது. பால் கொடுக்கும் கையைக் குட்டி தேடி வரும். துரத்திப் பிடிக்க வேண்டாம். கொட்டிலில் தரையோடு தரையாக உட்காருங்கள், அவையே வந்து முகர்ந்து பார்க்கும். பால் குடிக்கும்போதே முதுகு, வயிறு, பின்னங்கால், மடி இருக்கும் இடம் என்று நாளும் தடவுங்கள். காம்பைத் தொடலாம், பிதுக்கக் கூடாது. நெற்றியில் கைவைத்துத் தள்ளி விளையாடாதீர்கள். வளர்ந்த பிறகு அதே முட்டல் உங்கள் முழங்காலுக்கு வரும். மூன்று, நான்கு மாதத்தில் கறவை மேடையில் ஏற்றி, ஒரு பிடி அடர்தீவனம் (தானியமும் பிண்ணாக்கும் கலந்த தீவனம்) தின்னும் நேரம் மட்டும் நிற்கவைத்து இறக்கிவிடுங்கள். அப்படி வளர்ந்தது முதல் ஈற்றிலேயே பதறாமல் நிற்கும். இரண்டையும் ஒன்றாகவே வையுங்கள். தனித்த குட்டி கத்தியே மெலிந்துவிடும்.

அடுத்த சில வாரம் சாணத்தைக் கவனியுங்கள். மூன்று வாரத்துக்கு மேற்பட்ட குட்டிகளை ரத்தக்கழிச்சல் எளிதில் தாக்கும். வால் அடியில் கழிச்சல் அப்பியிருந்தாலோ, காய்ச்சல் 40 டிகிரியைத் தாண்டினாலோ தரகரைக் கூப்பிடாதீர்கள். அன்றே சாண மாதிரியுடன் கால்நடை மருத்துவரிடம் போய், குட்டியின் எடையைச் சொல்லி மருந்தளவை எழுதி வாங்குங்கள்.