"நாங்க எந்தப் பக்கம், டீச்சர்?"

அன்புள்ள சார்,

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். அய்யாவழி, சிஎஸ்ஐ, கத்தோலிக்க, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இரண்டு பேர், எல்லாரும் ஒரே அறையில். போன வாரம், பழைய திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை உடுத்தும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தைச் சொன்னபோது ஒரு சிறுமி எழுந்து, "அப்போ நாங்க எந்தப் பக்கம், டீச்சர்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் அவள் அப்பா வந்து, "சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார். இந்தப் பாடத்தை விட்டுவிடலாமா?

அன்புள்ள டீச்சர்,

விட்டுவிடாதீர்கள். அவள் எந்த வீட்டுப் பிள்ளை என்று நீங்கள் எழுதவில்லை, அதுவே எனக்குப் பிடித்திருந்தது.

நான் படித்தபோது, கடற்கரை மக்களைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவந்த சவேரியார் பற்றிய பாடம் வந்தால் எங்கள் சார் கடற்கரையிலிருந்து வரும் ஒரு பையனை எழுப்பி நிறுத்தி, "இவனுக்க ஆட்கள்தான்" என்பார். பாடம் முடியும் வரை அவன் பெஞ்சின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே நிற்பான். அந்தச் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. எந்தப் பிள்ளையையும் அதன் சாதிக்கும் மதத்துக்கும் சாட்சியாக நிறுத்தாதீர்கள். அந்த அப்பா பயப்படுவதும் இதற்காகத்தான் இருக்கும், அவரிடம் என்ன சொல்லித்தரப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

தோள்சீலையை இரண்டு கூட்டத்தின் சண்டையாகச் சொன்னால் எந்தப் பிள்ளையும் தன் கூட்டத்தைத்தான் தேடும். யார் எதை உடுத்தலாம் என்று ஓர் அரசாங்கம் விதி வைத்திருந்தது, அதிலிருந்து தொடங்குங்கள். 1859 ஜூலை 26-இல் திருவிதாங்கூர் மகாராஜா விட்ட உத்தரவுகூட முழுசாக விட்டுக்கொடுக்கவில்லை. நாடார் பெண்கள் குப்பாயம் என்கிற சட்டை போடலாம், அல்லது மீன்பிடிக்கிற முக்குவச் சாதிப் பெண்களைப் போல முரட்டுத் துணி சுற்றிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது. "ஏன் கூடாது?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். பக்கத்து பெஞ்சுக்கு ஒரு மிட்டாய் கூடப் போனாலே நியாயம் கேட்கிற பத்து வயசுக்கு இது புரியாமல் போகாது.

அப்புறம் அந்த ஒடிசா பிள்ளைகள். இங்கே பல வீட்டுப் பெட்டிகளில் மலையாளத்தில் எழுதிய பழைய நிலப்பத்திரங்கள் இருக்கும், ஒன்றின் நகலை வகுப்புக்குக் கொண்டுபோங்கள். தமிழ் பேசுகிற ஊரில் நிலப்பத்திரம் ஏன் மலையாளத்தில் இருக்கிறது என்பதிலிருந்து, 1956 நவம்பர் 1-இல் நம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த கதைக்கு வந்துவிடலாம். ஒடிசாவும் 1936-இல் மொழியின் பேரில் தனி மாகாணமானதுதான் என்று சொல்லுங்கள். அவர்கள் வீட்டில் பேசும் மொழியும் அன்றைய பாடத்துக்குள் வந்துவிடும்.

சரி, "எந்தப் பக்கம்?" என்ற கேள்வி. உங்களுக்குப் பக்கத்திலேயே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது, ஒரு நாள் கூட்டிப்போங்கள். 1741-இல் குளச்சலில் டச்சுப் படையோடு வந்து பிடிபட்ட டிலனாய், தன்னைத் தோற்கடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்து, தளபதியாகி, 1777-இல் இங்கேயே இறந்தார். அந்தக் கோட்டைக்குள்தான் அவர் கல்லறை. கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. இவர் எந்தப் பக்கம் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள், அந்தச் சிறுமி கல்லிலுள்ள தமிழை எழுத்துக்கூட்டிப் பார்க்கும் வரை பஸ்ஸை நிறுத்திவையுங்கள்.