கோவெண்டர் எந்த ஊர்ப் பெயர்?

கேள்வி: டர்பனில் வேலை பார்க்கும் என் மகனின் நண்பருக்குக் குடும்பப் பெயர் கோவெண்டர். தமிழ் தெரியாது, முன்னோர் தமிழர் என்கிறார். கோவிந்தன்தான் இப்படி மருவியதா? கவுண்டர் என்றால் எங்கள் கொங்குப் பக்கமா? ஊரைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
- வாசகி, ஈரோடு

பதில்: கோவிந்தன் இல்லை, கவுண்டர்தான். 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, 1911 வரை சுமார் 1,52,000 பேர் தென்னாப்பிரிக்காவில் டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். போன தமிழர்களுக்குத் தகப்பன் பெயர் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. வெள்ளைக்கார அரசின் பதிவேட்டுக்கு அது வேண்டியிருந்தது. சிலருக்குச் சாதிப் பட்டமும் சிலருக்குத் தகப்பன் பெயரும் அந்த இடத்தில் ஏறின. முதலி மூட்லி ஆனது இப்படித்தான்.

கொங்கு என்று மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள். ஆற்காட்டுப் பக்கத்திலும் சேலத்திலும் வன்னியர்களுக்கும் கவுண்டர் பட்டம் உண்டு. பட்டத்தை வைத்து ஊரைச் சொல்ல முடியாது. ஊரைச் சொல்வது, கப்பலில் போனவர்களின் விவரங்களைப் பதிந்த கப்பல் பட்டியல்.

வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுத்தார்கள். முதலில் தேட வேண்டியது அதைத்தான். தாத்தா, கொள்ளுத்தாத்தா காலத்துப் பிறப்பு, திருமணச் சான்றுகளில் அது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எண் கிடைத்தால், பட்டியலில் அதற்கு நேராகப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை இருக்கும். பட்டியலின் விவரங்கள் க்வாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையத்தில் உள்ளன.

எண் இல்லாமல் வெறும் பெயரை வைத்துத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். முனுசாமிகளும் பெருமாள்களும் அதில் ஏராளம். தகப்பன் பெயரும் கூட வந்த மனைவி, பிள்ளைகளின் பெயர்களும் ஒத்துப்போனால்தான் நம்பலாம். வயது உத்தேசமாக எழுதப்பட்டது, அதைப் பிடித்துக்கொண்டு யாரையும் தள்ளிவிடாதீர்கள்.

கிராமப் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். எழுத்தைப் பார்ப்பதைவிட வாய்விட்டுப் படித்தால் ஊர் பிடிபடும். வட ஆற்காடு ஜில்லா என்றிருந்தால் வேலூரோடு நிறுத்தாதீர்கள். திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலும் தேடுங்கள். 1911-ல் அதிலிருந்து சில தாலுகாக்கள் சித்தூரோடு போயின. ஆந்திரப் பக்கமும் பார்க்க வேண்டியிருக்கும்.