தனியாகச் சைக்கிளில் உலகம் சுற்றுபவரைப் படம் எடுப்பது யார்?

பெரும்பாலும் அவரேதான். ஆவணப்படத்தில் ஒரு ஆள் தூரத்துப் பாலைவனச் சாலையில் புள்ளியாகப் போய் மறைகிற காட்சி வருமே, அதற்கு அவர் ஓரமாகக் கேமரா ஸ்டாண்டை நிறுத்தி, கேமராவை ஓடவிட்டு, கண்ணுக்கு எட்டாத தூரம் வரை மிதித்துப் போய், அப்புறம் கேமராவை எடுக்கத் திரும்பி வந்து, அதே சாலையில் மறுபடியும் போக வேண்டும். மூன்று தடவை ஒரே ரோடு! அதனால் அவசரமில்லாத பயணிகளின் படங்களில்தான் இப்படிக் காட்சிகள் நிறைய இருக்கும்.

சாதனைக்காக ஓட்டுபவர்களுக்கு அந்தச் சொகுசு கிடையாது. ஸ்காட்லாந்தின் மார்க் போமான்ட் 2007 ஆகஸ்ட்டில் பாரிஸில் கிளம்பி 194 நாட்களில் உலகைச் சுற்றியதை பிபிசி தொடராக வெளியிட்டது. அதில் பெரும்பகுதி கையில் பிடித்த கேமராவிடம் அவரே பேசியதுதான். சோர்ந்துபோய், தூசி படிந்த முகத்தோடு. எனக்கு அதுதான் பிடித்தது, மலையும் கடலும் எந்தப் படத்திலும் வரும். 2017இல் அவரே 79 நாட்களுக்குள் முடித்தபோது கூடவே உதவிக் குழு வண்டியில் வந்தது.

கின்னஸ் விதிப்படி குறைந்தது 28,970 கிலோமீட்டர் மிதித்தாக வேண்டும், கடலைத் தாண்ட விமானம் ஏறலாம். சிலர் அதை ஏமாற்று என்கிறார்கள். சரி, பசிபிக்கை வேறு எப்படிக் கடப்பதாம்?