நஞ்சுக்கொடியில் ரத்த ஓட்டம் குறைவு, குழந்தை வளர்ச்சி குறைவு என்று ஸ்கேனில் வந்தால் என்ன செய்வது?

29 வாரம் ஆகியும் குழந்தை 26 வார அளவில்தான் இருக்கிறது, நஞ்சுக்கொடியில் ரத்த ஓட்டம் சரியில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். மருந்து ஒன்றும் தராமல் வாரம் இரண்டு முறை, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனுக்கு மட்டும் வரச் சொல்கிறார்கள். நான் ஒழுங்காகச் சாப்பிடாததால் வந்ததா, சும்மா பார்த்துக்கொண்டே இருந்தால் போதுமா, அடுத்த குழந்தைக்கும் இப்படி ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள், சகோதரி. என் மூத்த மகள் இதே பிரச்சினையோடு 31 வாரத்தில், 1,080 கிராம் எடையில் பிறந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நான் மருத்துவர் இல்லை. அந்த நாட்களில் என் மருத்துவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டும், பிறகு தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சாப்பாட்டுக் கவலையை முதலில் விட்டுவிடுங்கள். தாய்க்குக் கடுமையான சத்துக்குறைவு இருந்தால் குழந்தையின் எடை குறையும், உண்மைதான். ஆனால் உங்களுக்கு டாப்ளரிலேயே ரத்த ஓட்டத்தில் தடை தெரிகிறது என்றால் விஷயம் வேறு. கர்ப்பத்தின் முதல் பாதியில், நஞ்சுக்கொடியிலிருந்து கிளம்பும் செல்கள் கர்ப்பப்பையின் சிறு தமனிகளுக்குள் நுழைந்து, அவற்றின் சுவரில் இருக்கும் தசையைக் கரைத்து, குழாயை அகலமாக்கிவிட வேண்டும். ஏறக்குறைய 20 வாரத்துக்குள் இந்த வேலை முடிந்துவிடும். அப்படி அகலமானால்தான் பிரசவம் நெருங்கும்போது நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் நிதானமாக வந்து நஞ்சுக்கொடியை நனைக்க முடியும். சிலருக்கு இந்த வேலை அரைகுறையாக நின்றுவிடுகிறது. தமனி குறுகலாகவே இருக்கிறது, ரத்தம் வேகமாகப் பீய்ச்சி அடித்து நஞ்சுக்கொடியின் மெல்லிய திசுக்களைக் காயப்படுத்துகிறது, அங்கங்கே திசு செத்தும் போகிறது. குழந்தைக்குப் போக வேண்டிய ஆக்சிஜனும் சத்தும் குறைகின்றன.

இது நடக்கும்போது உங்களுக்கு வயிறுகூடச் சரியாகத் தெரிந்திருக்காது. நீங்கள் நேற்று எத்தனை வேளை சாப்பிட்டீர்கள், மாடிப்படி ஏறினீர்களா, அழுதீர்களா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால் இந்தப் பத்தியை அப்படியே படித்துக் காட்டுங்கள். நீங்கள் இருமடங்கு சாப்பிட்டாலும் அந்தக் குறுகிய குழாய் அகலமாகாது. வழக்கமான நல்ல சாப்பாடு போதும். புகைப்பழக்கம் இருந்தாலோ, வீட்டுக்குள் யாராவது புகைத்தாலோ, அதை மட்டும் இன்றே நிறுத்த வேண்டும். நஞ்சுக்கொடியை நேரடியாகப் பாதிக்கிற விஷயம் அது.

இன்னொரு குழப்பம் நிறையப் பேருக்கு வருகிறது. நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருப்பது வேறு, வேலை செய்யாமல் இருப்பது வேறு. 20 வார ஸ்கேனில் கீழே இருக்கிறது என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலானவர்களுக்குக் கர்ப்பப்பை வளர வளர அது மேலே போய்விடும். உங்கள் பிரச்சினை அதுவல்ல. கூகுளில் இரண்டையும் கலந்து படித்துப் பயப்படாதீர்கள்.

அடுத்து, வாரக் கணக்கு சரிதானா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். 14 வாரத்துக்குள் எடுத்த முதல் ஸ்கேனில் குழந்தையின் நீளத்தை வைத்துப் போட்ட கணக்குதான் நம்பகமானது. மாதவிலக்குத் தேதியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தால், சுழற்சி ஒழுங்கில்லாதவர்களுக்கு இரண்டு மூன்று வாரம் தவறிவிடலாம். எடையும் ஒரு மதிப்பீடுதான். தலை, வயிறு, தொடை எலும்பு ஆகியவற்றின் அளவுகளிலிருந்து கணக்கிடுவதால் 10 முதல் 15 சதவீதம் கூடக் குறைய இருக்கும். அதனால்தான் வளர்ச்சியை அளக்க இரண்டு ஸ்கேனுக்கு நடுவே குறைந்தது இரண்டு வாரமாவது விடுகிறார்கள். நாளைக்கே மறுபடி எடை பார்க்கச் சொல்லி வற்புறுத்துவதில் பலனில்லை. ஆனால் ரத்த ஓட்டத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும்.

சின்னதாக இருக்கும் எல்லாக் குழந்தையும் நோயாளி இல்லை. நூறு குழந்தைகளை எடை வரிசையில் நிறுத்தினால் கடைசிப் பத்துப் பேர் 10ஆவது சதமானத்துக்குக் கீழேதான் இருப்பார்கள். அதில் பலர் அம்மா அப்பாவைப் போலச் சிறிய உடல்வாகு உள்ளவர்கள், அவ்வளவுதான். 3ஆவது சதமானத்துக்கும் கீழே போனாலோ, 10க்குக் கீழே இருந்து டாப்ளரும் கெட்டிருந்தாலோதான் வளர்ச்சி தடைப்பட்டிருக்கிறது என்று உறுதியாகச் சொல்கிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் சதமானம் எவ்வளவு என்று பாருங்கள்.

இனி டாப்ளர். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தொப்புள்கொடியில் ஒரு சிரையும் இரண்டு தமனிகளும் உண்டு. தமனிகள் குழந்தையிடமிருந்து நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுபோகின்றன. திரையில் அந்த ஓட்டம் ரம்பப் பல்லைப் போல வரிசையாக விழும். ஒவ்வொரு பல்லும் ஓர் இதயத் துடிப்பு. நல்ல நஞ்சுக்கொடி என்றால் இரண்டு பல்லுக்கு நடுவிலும் அலை அடிக்கோட்டைத் தொடாது, அதாவது இதயம் ஓய்வெடுக்கும் நொடியிலும் ரத்தம் முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். நஞ்சுக்கொடியில் தடை ஏற ஏற அந்த நடுப்பகுதி தாழ்ந்துகொண்டே வரும். எனக்கு ஸ்கேன் எடுத்த மருத்துவர் திரையை என் பக்கம் திருப்பி, பேனா முனையால் இரண்டு பல்லுக்கு நடுவில் இருந்த கறுப்பு இடைவெளியைத் தொட்டுக் காட்டினார். அலை கோட்டைத் தொட்டு, காணாமல் போய், அடுத்த துடிப்பில் மறுபடி எழுந்தது. இடைநிலை ஓட்டம் இல்லை என்று எழுதுவது அதைத்தான். அதற்கும் அடுத்த கட்டத்தில் அலை கோட்டுக்குக் கீழே இறங்கும். ரத்தம் பின்னோக்கி வருகிறது என்று அர்த்தம்.

ரிப்போர்ட்டில் மூளைக்குப் போகும் தமனியையும் குறித்திருப்பார்கள். ஆக்சிஜன் குறைந்தால் குழந்தை தானாகவே மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைத் திருப்பிவிட்டு, மற்ற உறுப்புகளுக்குக் குறைத்துக்கொள்ளும். கல்லீரலில் சேமிப்பு குறைவதால் வயிற்றுச் சுற்றளவு சிறுக்கும், தலை அளவு ஓரளவு தப்பிக்கும். சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைந்தால் சிறுநீர் குறையும், அதனால் பனிக்குட நீரும் குறையும். தண்ணீர் நிறையக் குடி, நீர் ஏறிவிடும் என்பார்கள். தாகத்துக்குக் குடியுங்கள், தவறில்லை. ஆனால் இந்தக் காரணத்தால் குறைந்த நீருக்கு அது தீர்வாகாது. இன்னும் முற்றிய நிலையில் குழந்தையின் இதயத்துக்கு அருகே இருக்கும் ஒரு சிறு சிரையின் ஓட்டத்தைப் பார்ப்பார்கள். டக்டஸ் வீனோசஸ் என்று எழுதியிருக்கும். அதில் மாற்றம் வந்தால் இதயமே திணறத் தொடங்கிவிட்டது என்று பொருள். அது நார்மல் என்று இருந்தால் அந்த வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நஞ்சுக்கொடியைச் சரிசெய்யும் மருந்து இன்றுவரை இல்லை. ரத்தக் குழாயை விரிக்கும் சில்டெனாஃபில் மாத்திரையை நம்பிப் பல நாடுகளில் சோதித்தார்கள். பலன் இல்லை. நெதர்லாந்தில் பிறந்த குழந்தைகளின் நுரையீரலுக்குக் கெடுதல் வருமோ என்ற அச்சத்தில் 2018ல் அந்தச் சோதனையையே நிறுத்தினார்கள். முழுநேரமும் படுத்தே கிடப்பதாலும் குழந்தை வளர்வதாகத் தெரியவில்லை, காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடுகிறது. தூங்கப்போகும்போது மட்டும் ஒருக்களித்துப் படுங்கள், மல்லாந்து வேண்டாம்.

ஆகவே இந்த நோய்க்கு இருக்கும் ஒரே சிகிச்சை, சரியான நாளில் பிரசவம். அந்த நாளைக் கண்டுபிடிக்கத்தான் உங்களை வரச் சொல்கிறார்கள். சீக்கிரம் எடுத்தால் குறைமாதத்தின் ஆபத்து, தாமதித்தால் உள்ளேயே இழந்துவிடும் ஆபத்து. 32 வாரத்துக்கு முன்னால் கர்ப்பப்பைக்குள் கிடைக்கும் ஒவ்வொரு நாளும் பெரிது. ஐரோப்பாவில் 26 முதல் 32 வாரத்துக்குள் இருந்த தாய்மார்களை வைத்து நடத்திய ட்ரஃபிள் என்ற ஆய்வின் முடிவு 2015ல் வந்தது. டக்டஸ் வீனோசஸ் சிரையின் ஓட்டத்தையும் கணினி கணிக்கும் இதயத்துடிப்புப் பதிவையும் கூர்ந்து பார்த்தபடி காத்திருந்த குழுவில், பிழைத்த குழந்தைகள் இரண்டு வயதில் நன்றாகவே இருந்தார்கள். பொதுவாக, ஓட்டத்தில் தடை மட்டும் என்றால் 37 வாரம் வரை, இடைநிலை ஓட்டம் இல்லை என்றால் 32 முதல் 34 வரை, பின்னோக்கி வந்தால் 30 முதல் 32 வரை கொண்டுபோகப் பார்ப்பார்கள். மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும், இடையில் எது கெட்டாலும் அன்றே முடிவு மாறும்.

எனக்கு மாறியது ரத்த அழுத்தத்தால். நஞ்சுக்கொடிக் கோளாறும் கர்ப்பகால ரத்த அழுத்தமும் ஒரே வேரிலிருந்து வருவதால், பாதிக் கவனம் உங்கள் மேலும் இருக்க வேண்டும். விடாத தலைவலி, கண் மங்கல், கண்ணுக்குள் பொறி பறப்பது, வலது விலாவுக்குக் கீழ் வலி, திடீரென முகம் வீங்குவது, பிபி 140/90ஐ எட்டுவது, ரத்தப்போக்கு, வயிறு கல்லைப்போல் இறுகி வலிப்பது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஸ்கேன் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள்.

குழந்தையின் அசைவுக்கும் அதே விதிதான். இத்தனை உதை என்று எல்லோருக்கும் பொதுவான எண்ணிக்கை கிடையாது. உங்கள் குழந்தை எந்த நேரத்தில் எப்படி அசையும் என்று உங்களுக்கே தெரியும். அது குறைந்ததாகத் தோன்றினால், ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்புங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள், யாரும் உங்களைத் திட்டமாட்டார்கள், திட்டினாலும் பரவாயில்லை. வீட்டில் வைத்துத் துடிப்புக் கேட்கும் கருவிகளை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். துடிப்பு கேட்பதால் மட்டும் குழந்தை நலம் என்று ஆகிவிடாது.

அடுத்த முறை போகும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசி எப்போது. பீட்டாமெத்தசோன் என்றால் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி. நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று ஆடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஸ்டீராய்டு போன குறைமாத ஆட்டுக்குட்டி எதிர்பாராமல் மூச்சுவிட்டதைக் கவனித்தார். அவரும் ஹோவி என்ற மருத்துவரும் தாய்மார்களிடம் சோதித்து 1972ல் வெளியிட்டார்கள். என் மகளின் முதல் மூச்சுக்கு அந்த ஆட்டுக்குட்டியிடம் கடன்பட்டிருக்கிறேன் என்று இன்றும் நினைப்பேன். பிரசவம் மிகவும் முன்கூட்டி என்றால் குழந்தையின் மூளையைக் காக்க மக்னீசியம் சல்ஃபேட்டும் ஏற்றுவார்கள். ஏறும்போது உடம்பெல்லாம் தீயாய் எரியும், பயப்படாதீர்கள், அடங்கிவிடும்.

இரண்டு, அந்த மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு (என்ஐசியு) இருக்கிறதா. இல்லையென்றால் இப்போதே, குழந்தை வயிற்றுக்குள் இருக்கும்போதே, இருக்கும் இடத்துக்கு மாறுங்கள். பிறந்த பிறகு ஆம்புலன்ஸில் கொண்டுபோவதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பானது.

பிறந்த பிறகு நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் சேமிப்பு இல்லாததால் சர்க்கரை இறங்கும், உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், மஞ்சள் காமாலையும் வரலாம். வயிற்றுக்குள்ளேயே குடலுக்கு ரத்தம் குறைந்திருப்பதால் பாலை மிக நிதானமாகத்தான் கூட்டுவார்கள். என் மகளுக்கு மூக்குக் குழாய் வழியாக ஒரு மில்லி போனது, அதுவும் நர்ஸ் சிரிஞ்சை உயரத்தில் பிடித்துக்கொள்ள, தானாக இறங்கும் வேகத்தில். அந்த ஒரு மில்லிக்குத் தாய்ப்பாலே சிறந்தது என்பதால் முதல் நாளிலிருந்தே பீய்ச்சத் தொடங்குங்கள், சொட்டுச் சொட்டாக வந்தாலும் வீணாக்காதீர்கள். அனுமதித்தவுடன் மார்போடு சேர்த்து வைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பைக் கேட்டு வாங்குங்கள். எடை, தவழ்வது, பேச்சு எல்லாவற்றையும் பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து கணக்குப் போடுங்கள். பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதுக்குள் வளர்ச்சியில் எட்டிப்பிடித்துவிடுகிறார்கள். பார்வை, காது, வளர்ச்சிப் பரிசோதனைகளை மட்டும் ஒன்றுகூட விடக்கூடாது.

அடுத்த குழந்தைக்கும் வருமா என்று கேட்டீர்கள். மற்றவர்களைவிட வாய்ப்பு கூடுதல்தான், ஆனால் கட்டாயம் வரும் என்றில்லை. பிரசவமானதும் நஞ்சுக்கொடியைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி இப்போதே எழுதி வைக்கச் சொல்லுங்கள். பரபரப்பில் அதைத் தூக்கி எறிந்துவிட்டால் காரணம் தெரியாமலே போய்விடும். ரத்தம் உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கலாம். அந்தச் சோதனையைக் குறைந்தது 12 வார இடைவெளியில் இரண்டு முறை செய்தால்தான் உறுதி. அடுத்த கர்ப்பம் உறுதியானதும் முதல் சந்திப்பிலேயே பழைய டாப்ளர் ரிப்போர்ட்டுகளைக் காட்டுங்கள். 16 வாரத்துக்கு முன்பே இரவில் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவார்கள். 150 மில்லிகிராம் கொடுத்துச் செய்த ஆய்வு ஒன்றில், குறைமாதத்திலேயே பிரசவிக்க வைக்கும் ரத்த அழுத்தக் கோளாறு பாதிக்கும் மேல் குறைந்ததாக 2017ல் வெளியானது. எனக்கும் இரண்டாவது முறை அதைத்தான் கொடுத்தார்கள். மகன் 38 வாரம் வரை இருந்து பிறந்தான். ஆனால் இதைப் படித்துவிட்டு இந்த 29ஆவது வாரத்தில் நீங்களாக ஆஸ்பிரினைத் தொடங்கிவிடாதீர்கள். தமனிகள் உருவாகிற காலத்துக்கான மருந்து அது. இப்போது உங்களுக்கு ஏதாவது தேவையா என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.